அக்கா பனிமலைக்குப் போனது

பேரன் தொலைக்காட்சியில் பனிச்சறுக்குப் போட்டி பார்த்துக்கொண்டிருந்தான். பலகை பனியைக் கீறும் சத்தம் அடுக்களைவரை கேட்டது. எனக்கு அக்காவின் ஞாபகம் வந்துவிட்டது.

எழுபதுகளின் கடைசியில், திருவண்ணாமலையில் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த என் அக்கா காமாட்சி, இமயமலையில் நடக்கும் பனிச்சறுக்குப் பயிற்சிக்குத் தேர்வானாள். கம்பளிக் காலுறையும் தோல் பூட்ஸும் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். லாட்ஜில் சமையல்காரராக இருந்த அப்பாவால் கேன்வாஸ் ஷூதான் வாங்க முடிந்தது.

"மனசு சரியில்லடி, போவாத" என்றாள் அம்மா.

"நம்ம ஊர்லருந்து நான் ஒருத்திதாம்மா. இத வுட்டா இன்னொரு தடவ கூப்புட மாட்டாங்க" என்றாள் அக்கா.

பத்து நாளில் கடிதம் வந்தது. மற்ற பெண்கள் எல்லோரிடமும் பூட்ஸ் இருப்பதாகவும், தனக்குக் கால் மரத்துப்போனதால் வலியே தெரியவில்லை என்றும் எழுதியிருந்தாள். அந்த வரியை அம்மா மறுபடி மறுபடி படிக்கச் சொன்னாள்.

அக்கா திரும்பி வந்தபோது வலது காலில் மூன்று விரல்கள் இல்லை. குளிரில் செத்துக் கறுத்துப்போனதால் அங்கேயே வெட்டி எடுத்துவிட்டார்களாம்.

அடுத்த வருஷமும் அந்தப் பயிற்சிக்குக் கல்லூரியில் பெயர் கேட்டார்கள். கூடப் படித்த பெண்களின் அம்மாக்கள் ஒவ்வொருவராக எங்கள் வீட்டுக்கு வந்தார்கள்.

"நல்ல பூட்ஸ் மட்டும் வாங்கிக் குடுங்க, ஒண்ணும் ஆவாது" என்று அக்கா எல்லோரிடமும் சொன்னாள். அவர்கள் அவள் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஒரு பெயரும் போகவில்லை.