குதிரை போர்டிங் சுகிர்தா

கம்பளையில் ஆற்றுப் பக்கம் இறங்கும் பாதையில் யாரை நிறுத்தி "குதிரை போர்டிங் எங்கே" என்று கேட்டாலும், கேட்டவரை ஒரு தடவை மேலும் கீழும் பார்த்துவிட்டுத்தான் வழி சொல்வார்கள். சொந்தமாகக் குதிரை வைத்திருக்கும் மனிதர் எப்படி இருப்பார் என்று பார்க்கிற ஆசை எல்லோருக்கும் உண்டு. பெரும்பாலும் அவர்கள் ஏமாந்துதான் போவார்கள். குதிரை வைத்திருப்பவர் பார்வைக்கு மற்றவர்களைப் போலவேதான் இருப்பார், கொஞ்சம் கவலையோடு.

போர்டிங்கை நடத்துகிறவள் சுகிர்தா. வயது நாற்பத்தாறு. பிறந்து வளர்ந்தது கண்டி மஹய்யாவயில். அப்பா நுவரெலியா பந்தயத் திடலில் குதிரை பராமரிக்கிற வேலை பார்த்தவர். ஏப்ரல் சீசனுக்கு மகளையும் கூட்டிக்கொண்டு போவார். மற்றப் பிள்ளைகள் அங்கே பூப் பார்த்தார்கள், ஐஸ்கிரீம் தின்றார்கள். இவள் குளம்பு பார்த்தாள். மனிதர்களிடம் பேசும்போதுகூட முகத்தைப் பார்க்காமல் காலைப் பார்த்துப் பேசும் பழக்கம் அப்போது ஒட்டிக்கொண்டது. கல்யாணம் பேச வந்தவர்கள் பெண்ணுக்கு வெட்கம் என்று நினைத்தார்கள். மாப்பிள்ளை கணேஸுக்கு இடது கால் கொஞ்சம் உள்வாங்கி விழுகிறது என்று அவள் கணக்கெடுத்துக்கொண்டிருந்தது யாருக்கும் தெரியாது.

கைவிடப்பட்ட செங்கல் சூளைக் கொட்டிலை வாடகைக்கு எடுத்து, ஆறு தடுப்புப் போட்டு, அதை லாயமாக்கினாள். கண்டியில் வேலையும் வீடும் உள்ளவர்கள், மாடியில் குதிரை கட்ட முடியாது என்பதை வாங்கிய பிறகு உணர்ந்தவர்கள், குதிரையை இங்கே விட்டுவிட்டு ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து பார்த்துவிட்டுப் போவார்கள். பிள்ளைகளைப் படிக்க விடுகிற போர்டிங் மாதிரியேதான். ஒரே வித்தியாசம், இங்கே தங்குகிறவர்கள் வீட்டை நினைத்து அழுவதில்லை. வீட்டில் இருப்பவர்கள்தான் அழுவார்கள்.

குதிரை கேட்பது புல், தண்ணீர், ஈரமில்லாத தரை. குதிரைக்குச் சொந்தக்காரர் கேட்பது வேறு. காலையில் வட்ஸ்அப்பில் படம் வர வேண்டும். படத்தில் குதிரை கமராவைப் பார்த்திருக்க வேண்டும். பார்க்காவிட்டால் ஏன் முகம் வாட்டமாக இருக்கிறது என்று பதினொரு மணிக்குள் சொல்ல வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே, "என்னைத் தேடினதா?" என்ற கேள்வி. இதற்குச் சுகிர்தா வைத்திருக்கும் பதில் ஒன்றே: "நேத்து முழுக்க கேட் பக்கமே பாத்துக்கிட்டு இருந்தாரு." கேட் பக்கத்தில்தான் புல் வண்டி வரும் என்பதை அவள் சொல்வதில்லை. கேட்டால் சொல்வாள். யாரும் கேட்டதில்லை.

இந்தச் சொந்தக்காரர்களில் தலைமகன் தாஸிம் ஹாஜியார். கண்டியில் டைல் கடை வைத்திருப்பவர். வியாபாரிகள் சங்கத்துக்குச் சேர்மனாக வர இரண்டு தடவை போட்டியிட்டார். முதல் தடவை நாலு வோட்டால் தோற்றார். இரண்டாம் தடவை நாற்பதால். மூன்றாம் வருஷம் போட்டியிடாமல், பந்தயத்திலிருந்து ஓய்வுபெற்ற ஒரு செம்பழுப்புக் குதிரையை நுவரெலியாவில் வாங்கி, அதற்குச் சேர்மன் என்று பெயர் வைத்தார். அன்றிலிருந்து கண்டியில் அவரிடம் யாராவது "சேர்மன் எப்படி" என்று கேட்டால், "எண்ட பேச்சுக் கேக்குறாரு" என்பார். லாயத்திலும் சேர்மனை யாரும் ஒருமையில் பேசுவதில்லை.

ஹாஜியார் குதிரையில் ஏறியதில்லை. ஒரே ஒரு தடவை காலைத் தூக்கிச் சேணத்து வளையத்தில் வைத்தார். சேர்மன் திரும்பி அவரைப் பார்த்தார். இருவரும் யோசித்தார்கள். ஹாஜியார் காலை இறக்கிவிட்டார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சு எழவில்லை.

ஆனால் ஞாயிறு தவறாது. ஒன்பது மணிக்கு வருவார், கையில் பேக்கரிப் பை. "சேர்மனுக்கு" என்பார். பையில் மஸ்கட் அல்வா இருக்கும், தொதல் இருக்கும், கித்துள் கருப்பட்டி இருக்கும், சில நாட்களில் மீன் வைத்த மாலு பணிஸும் இருக்கும். குதிரை மீன் தின்னாது என்பது கம்பளையில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். சுகிர்தா எதுவும் கேட்கமாட்டாள்.

ஹாஜியாருக்குச் சீனி வியாதி வந்து ஏழு வருஷம். மனைவி சித்தி றலியா, ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர். அவர் வீட்டில் சீனிப் போத்தல் இருக்கும் அலுமாரிக்கு மூன்று சாவி, மூன்றும் அவரிடம். ஆகவே ஹாஜியார் இனிப்புத் தின்னக்கூடிய ஒரே இடம் இலங்கைத் தீவில் சேர்மனின் தடுப்புத்தான். வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்காருவார். சேர்மனுக்கு ஒரு துண்டு, தனக்கு ஒரு துண்டு. பங்கு பிசகாது. சங்கத்தில் நடக்கும் அநியாயங்களைச் சொல்லுவார். சேர்மன் காது மடக்காமல் கேட்பார். தடுப்புக்குள்ளிருந்து ஹாஜியார் சிரிக்கிற சத்தம் வரும். அப்படி அவர் வேறெங்கும் சிரித்து யாரும் கேட்டதில்லை. சுகிர்தா அந்த நேரத்தில் அந்தப் பக்கம் கூட்டுமாறு எடுத்துக்கொண்டு போகமாட்டாள்.

திங்கட்கிழமை டீச்சர் போன் பண்ணுவார்.

"மகள், நேத்து அவர் அங்க என்ன சாப்பிட்ட?"

"ஒரு பிளேன்டீ குடுத்தேன் டீச்சர். சீனி போடல."

இது பொய் இல்லை. சுகிர்தா கொடுத்தது அது மட்டும்தான்.

இப்படி மூன்று வருஷம் ஓடியது. பிறகு ஒரு புதன்கிழமை காலை சேர்மன் கதவுக்கு வரவில்லை. முன்னங்கால் இரண்டையும் நீட்டி, பாரத்தைப் பின்னால் போட்டு, சுடுமணலில் நிற்கிறவர் மாதிரி நின்றார். ஒரு காலைத் தூக்கினார், வைத்தார், மற்றதைத் தூக்கினார். சுகிர்தா குனிந்து குளம்பில் கை வைத்தாள். சூடாக இருந்தது. அவளுக்கு அப்போதே தெரிந்துவிட்டது. ஆனாலும் மிருக வைத்தியர் திவாகரனைக் கூப்பிட்டாள். தெரிந்ததை இன்னொருவர் வாயால் கேட்டால் கொஞ்சம் குறையும் என்ற நப்பாசை.

குறையவில்லை. திவாகரன் யாழ்ப்பாணத்துக்காரர், சுற்றி வளைத்துப் பேசமாட்டார்.

"ஓம், குளம்புக்குள்ள வீங்கியிருக்கு. ஆர் இவருக்கு இனிப்புக் குடுக்கிறது?"

சுகிர்தா புல்லைப் பார்த்தாள்.

"ஆரெண்டாலும் நிப்பாட்டச் சொல்லுங்கோ. மருந்து தாறன். மரத்தூள் தடிப்பாப் போட்டு, ரெண்டு மூண்டு கிழமை அசைக்காமல் வையுங்கோ. இப்ப நிப்பாட்டினால் நடப்பார். இல்லாட்டி குளம்பு கழண்டு போகும், பிறகு நான் வந்து செய்யிறதுக்கு ஒரு வேலைதான் இருக்கும்."

அந்த ஒரு வேலை என்ன என்று சுகிர்தா கேட்கவில்லை. நுவரெலியாவில் சின்ன வயதில் இரண்டு தடவை பார்த்திருக்கிறாள்.

ஹாஜியாருக்குப் போன் போட்டாள். விஷயத்தைச் சொன்னாள். டைல் வெட்டும் சத்தத்துக்கு மேலே ஹாஜியாரின் குரல் வந்தது.

"ஒங்கட புல்லுலதான் என்னமோ ஈக்கிது தங்கச்சி."

"புல்லுல கித்துள் கருப்பட்டி மொளைக்காது ஹாஜியார்."

"அப்ப நான் எண்ட குதிரைக்கு நஞ்சு குடுத்தன் எண்டா சொல்ற?"

"நான் அப்படிச் சொல்லல. இனிமே பை கொண்டு வராதீங்கன்னுதான் சொல்றேன்."

"சரி. ஞாயித்துக்கெழம லொறியோட வாரன். கண்டிக்கு அங்கால ஒரு இடம் ஈக்கிது. அங்க டீவி கூட ஈக்கிதாம்."

"குதிரைக்கு டீவியா?"

"ஓனர்மாருக்கு," என்று சொல்லிவிட்டு ஹாஜியார் போனை வைத்தார்.

ஒரு சொந்தக்காரர் குதிரையை எடுத்துக்கொண்டு போவதைத் தடுக்க போர்டிங்காரிக்கு உரிமையில்லை. கழுதைக்குக்கூட அப்படி ஒரு சட்டம் இல்லை. ஆனால் இந்தக் குளம்போடு, அந்த வளைவுகளில், ஒன்றரை மணி நேரம் லொறியில் நின்றால் சேர்மன் இறங்கும்போது இப்போது இருக்கிற மாதிரி இருக்கமாட்டார்.  புருஷன் கணேஸ் குதிரைகளுக்கு முன்னால் மட்டும் வருவான், பின்னால் வரமாட்டான். யோசனை சொல்ல மட்டும் எந்தப் பக்கமிருந்தும் வருவான்.

"டீச்சருக்கு ஒரு போன் போடு. எல்லாத்தையும் சொல்லு. மனுசன் லொறி பிடிக்கிறதுக்கு வீட்டை விட்டு வெளியிலயே வர மாட்டாரு."

வழி சுலபமானதுதான். சுகிர்தா இரண்டு தடவை போனை எடுத்தாள். இரண்டு தடவையும் வாளியில் உட்கார்ந்து அவர் சிரிக்கிற சத்தம் காதில் கேட்டது. போதாததற்கு, மூன்று வருஷத்துப் பிளேன்டீக்கும் அவள் பதில் சொல்ல வேண்டியிருக்கும். போனை வைத்துவிட்டாள்.

ஞாயிறு ஒன்பது மணிக்கு லொறி வந்தது. முன் சீட்டிலிருந்து ஹாஜியார் இறங்கினார், புதுச் சப்பாத்தோடு. கையில் பை இல்லை. லொறிக்காரர் பலகையைச் சாய்த்து வைத்தார். யாரும் யாருக்கும் சலாமோ வணக்கமோ சொல்லவில்லை. சுகிர்தா சேர்மனின் தலைக்கயிற்றை அவிழ்த்து, நுனியை ஹாஜியாரிடம் நீட்டினாள்.

"நீங்களே கூட்டிட்டுப் போங்க. உங்க குதிரைதானே."

"சேர்மன், வாங்க போவம்," என்றார் ஹாஜியார்.

சேர்மன் காதை முன்னால் விட்டார். குரல் தெரியும், அந்தக் குரலுக்கு வராமல் இருந்து அவருக்குப் பழக்கமில்லை. ஒரு அடி வைத்தார். நின்றார். உடம்பு முழுதும் நடுங்கியது. இன்னொரு அடி வைத்தார். அதோடு தலையைக் கொண்டுவந்து ஹாஜியாரின் தோளில் பாரமாகப் போட்டுவிட்டார். வழக்கமாக இனிப்புத் துண்டு தேடும் சட்டைப் பையை மோந்துகூடப் பார்க்கவில்லை.

ஹாஜியார் கயிற்றை இழுக்கவில்லை. சேர்மன் இடது காலைத் தூக்கி வைத்து, வலது காலைத் தூக்கி வைத்து, மறுபடி இடது காலைத் தூக்குவதைப் பார்த்துக்கொண்டே நின்றார். சுகிர்தா, வழக்கப்படி, காலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நாலு கால் பார்த்துப் பழகிய கண், ஆறு காலில் ஐந்தாவதில் போய் நின்றது. ஹாஜியாரின் வலது கால் சப்பாத்து, முனை தரையில் படாமல், குதிக்காலில் மட்டும் நின்றுகொண்டிருந்தது.

"ஹாஜியார், அந்தச் சப்பாத்தைக் கழட்டுங்க."

"என்னத்துக்கு?"

"கழட்டுங்க."

இரண்டாவது "கழட்டுங்க" அவள் குதிரைகளிடம் பேசுகிற குரலில் வந்தது. அந்தக் குரலுக்குப் பந்தயக் குதிரையே கால் தூக்கும். ஹாஜியார் வாளியில் உட்கார்ந்தார். சப்பாத்து வந்தது. காலுறை வரவில்லை, ஒட்டிக்கொண்டிருந்தது. சுகிர்தா தண்ணீர் விட்டு மெல்ல உரித்தாள். பெருவிரலுக்கு அடியில் ஒரு ரூபாய்க் காசு அளவுக்குப் புண். ஓரம் கறுத்திருந்தது.

"எப்ப இருந்து?"

"சப்பாத்து கடிச்ச. ரெண்டு கெழம ஈக்கும். நோவு இல்ல தங்கச்சி, உள்ளுக்கு என்னமோ ஒட்டின மாதிரி ஈக்கிது, அதான் முன்னுக்கு ஊண்டல்ல. நோவாத ஒண்டுக்கு டீச்சர்ட சொல்லி எதுக்குப் பேச்சு வாங்குற?"

"சேர்மனுக்கு நோவுது. அதனால நமக்குத் தெரிஞ்சிச்சு. உங்களுக்கு நோவல."

ஹாஜியார் தன் காலைப் பார்த்தார். பிறகு சேர்மனின் காலைப் பார்த்தார். தோற்ற தேர்தல் இரண்டிலும் அவர் முகம் இப்படி ஆனதில்லை.

"நான்தான் குடுத்த," என்றார்.

"தெரியும்."

"பாதி நானும் தின்ட."

"அதுவும் தெரியும் ஹாஜியார். மாலு பணிஸ் முழுசும் நீங்கதான்."

லொறிக்காரர் பலகையை ஏற்றவா இறக்கவா என்று கேட்டார். ஏற்றச் சொன்னாள் சுகிர்தா. சேர்மனின் தலையிலிருந்து கயிற்றைக் கழற்றி, அவரை மரத்தூளுக்குள் திருப்பி விட்டாள். ஹாஜியாரைக் கணேஸும் லொறிக்காரரும் இரண்டு பக்கம் பிடித்து முன் சீட்டில் ஏற்றினார்கள். குதிரையை ஏற்ற வந்த லொறி அதன் சொந்தக்காரரை ஏற்றிக்கொண்டு கண்டி ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டது. பக்கத்தில் சுகிர்தா. சேர்மனின் கயிறு ஹாஜியாரின் கையிலேயே இருந்தது. வார்டு வரைக்கும் விடவில்லை. என்ன கயிறு என்று நர்ஸ் மிஸ்ஸி கேட்டதற்கு, "சேர்மன்ட" என்றார். அவர் ஏதோ சங்கத்துக்காரர் என்று நினைத்து மிஸ்ஸி மேலே கேட்கவில்லை.

போகிற வழியில், பேராதெனிய தாண்டும்போதே சுகிர்தா டீச்சருக்குப் போன் எடுத்து, காலைப் பற்றிச் சொன்னாள். பிறகு பிளேன்டீயைப் பற்றியும் சொன்னாள்.



"இனிப்பு எனக்குத் தெரியும் மகள். ஞாயித்துக்கெழம அவர்ட சட்டப் பைக்கு எறும்பு வரும். நான்தானே கழுவுற."

"அப்ப ஏன் டீச்சர், ஒவ்வொரு திங்களும் கேட்டீங்க?"

"கேக்காட்டி அவர் ரெண்டு பை கொண்டு போவார். கேட்டதால ஒண்டு." கொஞ்சம் நிறுத்தினார். "கெழமைக்கு ஒரு நாள் அந்த மனுசன் பாட்டுப் படிச்சிக்கிட்டு வீட்டுக்கு வார. அத நான் எப்பிடி நிப்பாட்ட? ஆனா கால் எனக்குத் தெரியாது மகள். காலப் பாக்கணும் எண்டு எனக்குத் தெரியாமப் போச்சு."

டீச்சர் அழுதது சுகிர்தாவுக்கு முதலும் கடைசியுமாகக் கேட்டது அப்போதுதான்.

விரல் தப்பியது. இன்னும் ஒரு கிழமை போயிருந்தால் வெட்டியிருப்போம் என்று டொக்டர் சொன்னார். சேர்மனின் குளம்பும் குளிர்ந்தது. ஊறவைத்துப் பிழிந்த காய்ந்த புல்லைத் தவிர அவர் வாயில் எதுவும் படவில்லை. வார்டில் ஹாஜியாருக்கு வந்த சாப்பாடும் ஏறக்குறைய அதே தரத்தில்தான் இருந்தது என்று அவர் போனில் முறைப்பட்டார். டீவி உள்ள லாயத்தைப் பற்றி யாரும் பேசவில்லை.

ஏழாவது வாரம் இரண்டு வைத்தியர்களும் தனித்தனியே ஒரே உத்தரவைப் போட்டார்கள்: மெதுவாக, மெத்தென்ற தரையில், பத்து நிமிஷம்.

ஆகவே இப்போது ஞாயிற்றுக்கிழமை ஒன்பது மணிக்கு, ஆற்றோரப் புல்வெளியில், அகலச் செருப்புப் போட்ட ஹாஜியாரும் கால் நோகாத சேர்மனும் பக்கத்தில் பக்கத்தில் நடக்கிறார்கள். இருவருக்கும் வெறும் வாய். சங்கத்து அநியாயங்கள் மட்டும் குறைவில்லாமல் பரிமாறப்படுகின்றன. வேலியோரம் கதிரை போட்டு உட்கார்ந்து, டீச்சர் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு இருக்கிறார். பக்கத்தில் சுகிர்தா, ஆறு காலையும் பார்த்துக்கொண்டு.

முதல் ஞாயிறு பாதி வழியில் ஊர்வலம் நின்றுவிட்டது.

"டீச்சர், நின்னுட்டாரு," என்றாள் சுகிர்தா.

"ஆரு?"

சுகிர்தா உற்றுப் பார்த்தாள். "ரெண்டு பேரும்."

"இன்னும் நாலு நிமிஷம் ஈக்கிது எண்டு சொல்லுங்க," என்றார் டீச்சர்.

சுகிர்தா கையைக் குவித்துக் கூப்பிட்டுச் சொன்னாள். சேர்மன் முதலில் நடந்தார்.