கிளாரா அக்காவின் காந்தம்

கிளாரா அக்காவோடு பாத்திரக் கடைக்குப் போவதைவிட வெட்கக்கேடு வேறில்லை. பையிலிருந்து ஒரு காந்தத்தை எடுத்து ஒவ்வொரு சட்டியிலும் வைத்துப் பார்ப்பார். ஒட்டினால், "இது துருப்பிடிக்கும்" என்று கடைக்காரரின் முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார். எங்கள் முட்டம் கடற்கரையின் உப்புக்காற்றில் கதவுக் கொண்டிகூட ஆறு மாதம் தாங்காது. அதனால் காந்தம் ஒட்டாத எவர்சில்வர்தான் அக்காவுக்கு நல்ல இரும்பு.

மீன் ஏலம் விடும் அக்காவுக்கு வயது ஐம்பத்தாறு. ஓடாத வண்டி என்று கொழுந்தன் ஆன்ட்ரூஸ் தள்ளிவிட்ட பழைய ஜாவா பைக்கை ஆசையாக வாங்கி, கிடைக்காத பாகங்களைத் திங்கள்சந்தையில் லேத் பட்டறை வைத்திருக்கும் ஜெபதாஸிடம் கடைந்து வாங்கி மாட்டினார். கடைசியில் மிதித்துக் கிளப்பும் கிக்கரின் தண்டு, அந்த ஷாஃப்ட் மட்டும் மீதி. விசைப்படகில் கழற்றிப்போட்ட எவர்சில்வர் தண்டு ஒன்றைக் கொண்டுபோய், "இதுல செய்" என்றார்.

"எக்கா, ஷாஃப்ட் உள்ள எண்ணெயிலதான் கெடக்கும். எப்பிடித் துருப்பிடிக்கும்? இது மிதிச்சா முறுக்கிரும்."

"கடல் பக்கம் இருந்து பாத்திருக்கியா லே நீ?"

ஜெபதாஸ் அந்தத் தண்டிலேயே கடைந்து கொடுத்தார்.

எங்கள் வேதக்கோயில் திருவிழாவில் வண்டிகளை மந்திரித்து ஆசீர்வதிக்கும் நாள் உண்டு. பங்குச் சாமியார் தீர்த்தம் தெளித்ததும் எல்லோரும் வண்டியைக் கிளப்ப வேண்டும். போன வருடம் அக்கா ஓங்கி மிதித்தார். உள்ளே ஷாஃப்ட் ஈரத்துணி போல முறுக்கிக்கொள்ள, கிக்கர் தொங்கிவிட்டது. ஊரே சிரித்தது. நானும் சிரித்தேன், இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

"மைனி, பேசாம எனக்கே திரும்பத் தந்திருங்க" என்றார் ஆன்ட்ரூஸ்.

"அடுத்த திருவிழாவுக்குக் கெளம்பலேன்னா எடுத்துட்டுப் போ" என்று கோபத்தில் வாக்குக் கொடுத்துவிட்டார் அக்கா. அதன் பிறகு பல நாள் அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

இந்த வருடம் ஜெபதாஸ் லாரி ஆக்சில் துண்டொன்றை சுழலும் சாணைக்கல்லில் வைத்துக் காட்டினார். பொறி கிளைகிளையாகச் சிதறியது.

"பூப்பூவா வெடிக்குது பாத்தியளா? இதுல கரி உண்டு. பதம் போட்டா நல்லா கட்டியாவும்."

அக்கா காந்தத்தை வைத்தார். ஒட்டியது. முகம் சுருங்கினாலும், "செய்" என்றார்.

கடைந்து பல் வெட்டியதும் ஷாஃப்ட் உலைக்குள் போனது. அப்போது ஜெபதாஸ், "எக்கா, உங்க காந்தத்த எடுங்க" என்றார். அதை நீளக் கம்பியில் கட்டி, சிவந்துவரும் தண்டைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். ஒட்டியது. மறுபடியும் ஒட்டியது. இன்னும் சிவந்த பிறகு ஒட்டவில்லை.

"லே, இப்ப ஒட்டேல்ல."

"அதுதான் கணக்கு, காந்தம் விட்டா சூடு பதமாயிட்டுன்னு அர்த்தம்" என்று சற்றுப் பொறுத்துத் தண்டை எண்ணெயில் இறக்கினார் ஜெபதாஸ். நொறுங்காமலிருக்கப் பிறகு லேசாக ஒருமுறை சூடு காட்டினார்.

"ஒட்டாததுதான் நல்ல இரும்புன்னு அப்பவே சொன்னேம்லா" என்றார் அக்கா. ஜெபதாஸ் கையெடுத்துக் கும்பிட்டார்.

திருவிழாவன்று முதல் மிதிக்கு வண்டி இருமியது. இரண்டாவதற்கு அதுவும் இல்லை. ஆன்ட்ரூஸ் சாவிக்குக் கை நீட்டியேவிட்டார். மூன்றாவது மிதியில் புகை கக்கிக்கொண்டு வண்டி கிளம்பியது. இந்த முறை ஊர் கைதட்டியது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஆன்ட்ரூஸ் விடவில்லை. அக்காவின் பையிலிருந்து காந்தத்தை எடுத்து, வெளியே தெரியும் ஷாஃப்ட் நுனியில் வைத்தார்.

"மைனி, ஒட்டுதே. இது துருப்பிடிக்குமே."

"பிடிக்கட்டு. தொடைச்சு எண்ணெ போட எனக்குக் கையில்லியா? பின்னால ஏறு, வீட்டுல விடுதேன்."