கருகருவென்று ஒரு கண்

மகள் பிறந்த இரண்டாம் நாள் காலை, கொட்டாஞ்சேனையிலிருந்து ஆஸ்பத்திரிக்கு வந்த மச்சாள், என் கணவரின் அக்கா, தொட்டிலுக்குள் குனிந்து பார்த்தார்.

"அப்பிடியே தாயின்ர கண். பெரிசா, கருகருவெண்டு."

என் கண் கூசும் என்பது மட்டும்தான் மச்சாளுக்குத் தெரியும். அது கறுப்பாகத் தெரிவது அழகால் அல்ல. கண்மணியைச் சுற்றி எல்லோருக்கும் இருக்கிற மண்ணிற வளையம், பாடப்புத்தகம் கதிராளி என்று சொல்லும் ஐரிஸ், எனக்கு இல்லை. வகுப்புக்குள்ளும் கறுப்புக் கண்ணாடிதான். வெள்ளவத்தை டியூஷன் பிள்ளைகள் எனக்கு வைத்த பட்டம் சிஐடி மிஸ்.

அவர்களுக்கு நான் படிப்பிப்பது உயிரியல். கண்ணை உருவாக்கக் கட்டளையிடும் மரபணு ஈக்கும் எலிக்கும் மனிதருக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். எலியினுடையதை ஈயின் காலில் வேலை செய்ய வைத்தால் அங்கே ஒரு கண் முளைக்கும், அதுவும் ஈயின் கண். இதைச் சொன்னால் கடைசி வாங்கில் தூங்குகிறவர்கள்கூட விழித்துக்கொள்வார்கள். அந்த மரபணுவின் இரண்டு பிரதிகளில் ஒன்று பழுதானதால் வந்ததுதான் என் கண் என்பதை மட்டும் சொன்னதில்லை. பிள்ளைக்கும் அது போகச் சரிபாதி வாய்ப்பு. வயிற்றில் சுமந்த பிறகுதான் பாதி எவ்வளவு பெரிது என்று விளங்கியது.

"கண்ணூறு பட்டிடும்," என்று மச்சாள் மைச்சிமிழைத் திறந்தார்.

"வேண்டாம் மச்சாள். டொக்டர் முதல்ல பாக்கட்டும்."

குரல் கடுகடுத்துவிட்டது. கண்ணூறு என்றால் மிளகாய் சுற்றிப் போடலாம். இதற்கு எதைச் சுற்றுவது? வீங்கிய இமைக்குள் நானும் எத்தனையோ தரம் பார்த்துவிட்டேன். என் பார்வைக்குப் பிடிபடவில்லை.

கண் டொக்டர் பத்து மணிக்கு வந்தார். மகளின் இமையை விலக்கி டோர்ச் அடித்தார். ஒரு கண், மற்றக் கண், திரும்ப முதல் கண். திரும்ப எதற்கு? அவள் வீறிட்டு அழுதாள். கணவர் என் கட்டிலடியில் அசையாமல் நின்றார்.

"உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை," என்றார் டொக்டர் மெதுவாக. "ரெண்டிலயும் ஐரிஸ் இல்லை."

தெரிந்துகொண்டே பெற்றவள் நான். மன்னிப்புக் கேட்கக் கணவர் பக்கம் திரும்பினேன். கட்டிலடியில் ஆள் இல்லை. தொட்டிலில் வெயில் விழாதபடி, ஜன்னல் திரையை இழுத்து மூடிக்கொண்டிருந்தார்.