கட்டுமாவடியில் தைத்த போர்க்கவசம்

சனிக்கிழமை காலை ஆறு பத்துக்குப் புதுக்கோட்டைப் பேருந்து நிலையத்தில் இறங்கினேன். தோளில் ஆறடி நீளக் கித்தான் உறை. அதற்குள் நான்கு ஈட்டிகளும் ஐந்து வாள்களும் இருந்தன. டீக்கடை ஓரம் அதைச் சாய்த்து வைத்ததும் கடைக்காரர் கேட்டார்.

"என்னங்க, கூடாரமா?"

"ஆயுதம்" என்றேன்.

ஆற்றிக்கொண்டிருந்த கை அப்படியே நின்றுவிட்டது. பதறிப்போய் ஒரு வாளை உருவி, வில்லாக வளைத்துக் காட்டினேன். "அட, ஸ்பாஞ்சு!" என்று அவர் சிரித்த பிறகுதான் எனக்கு டீ கிடைத்தது. பன்னிரண்டு ரூபாய். அதுவரை கோவையிலிருந்து வந்த அலுப்பு இருந்தது. அந்தச் சிரிப்பில் அதுவும் போய்விட்டது.

கோவையில் ஒரு பம்பு கம்பெனியில் வரைபடம் போடுவது என் வேலை. மீதி நேரமெல்லாம் வாள் செய்கிறேன். எங்கள் விளையாட்டைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இருபது, இருபத்தைந்து பேர் ஏதாவதொரு தோப்பில் கூடுவோம். ஆளுக்கொரு பாத்திரம், அதற்கேற்ற உடை. கதையின் தொடக்கம் மட்டும் தெரியும். முடிவு எப்படி வரும் என்பது நாங்கள் பேசுவதையும் ஓடுவதையும் மோதுவதையும் பொறுத்தது. ஆயுதத்துக்குள் பிளாஸ்டிக் குழாய், மேலே தடித்த ஃபோம், அதன் மேல் ரப்பர் பால் பூச்சு. பார்க்க இரும்பு, பட்டால் தலையணை. அப்படித்தான் இருக்க வேண்டும்.

போன தடவை அப்படி இருக்கவில்லை. நான் செய்த ஈட்டியின் முனையில் ஃபோம் கிழிந்து உள்ளிருந்த குழாய் வெளியே வந்துவிட்டது. என் தோழி கவிதாவின் இடது புருவத்தில் மூன்று தையல். கண்ணுக்கு அரை அங்குலம் மேலே. அதன் பிறகு நான் போனில் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இருந்தேன், அவளும் "விடுடி" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் அவள் சித்தப்பாவின் முந்திரித் தோப்பில்தான்.

ஆலங்குடி வழியாகக் கீரமங்கலம் போய்ச் சேரும்போது மணி எட்டேகால். பஸ் நிறுத்தத்தில் கவிதா நின்றிருந்தாள். கட்டிப் பிடித்தாள், என் பையை வாங்கிக்கொண்டாள். ஈட்டி உறையை மட்டும் தொடவில்லை. நான் கவனித்ததை அவளும் கவனித்தாள்.

அவள் வீட்டில் இட்லி சாப்பிட்டுக்கொண்டே கவசத்தைப் பற்றிப் பேசினோம். எங்கள் அணியில் ஐந்து பேருக்கு, இரும்பு வளையங்களைக் கோத்ததுபோல் தெரியும் சங்கிலிக் கவசம் வேண்டும். சாம்பல் நிறக் கம்பளி நூலில் நான் ஒன்று பின்னிக்கொண்டு வந்திருந்தேன். இரண்டு மாத வேலை. அதைப் போட்டுக்கொண்டு கவிதா முற்றத்தில் பத்து நிமிடம் ஓடினாள். வியர்வையில் ஊறி முழங்கால் வரை தொங்கிவிட்டது.

"இதுல மீன்தான் பிடிக்கலாம்" என்றாள். சொன்னவள் சட்டென்று நின்றாள். "ஏய், மீன் வலை!"

பத்தரை மணிக்கு அறந்தாங்கியில் கட்டுமாவடி டவுன் பஸ்ஸில் இருந்தோம். கவசத்தின் மேல் அடித்துப் பார்க்க வேண்டும் என்பதால் இரண்டு ஈட்டிகள் உறையோடு எங்கள் மேல் சாய்ந்திருந்தன. நடத்துநர் வந்தார்.

"பொம்பளையாளுகளுக்கு டிக்கெட் ஃப்ரீங்க. இந்த ஆளுக்கு மட்டும் லக்கேஜ் போட்டுரவா?"

"அதுவும் பொம்பளைதாங்க" என்றாள் கவிதா. பக்கத்து இருக்கைகள் எல்லாம் சிரித்தன. லக்கேஜ் போடவில்லை.

கட்டுமாவடியில் இறங்கியதும் கருவாட்டு வாசனையும் காற்றும் சேர்ந்து அடித்தன. கரையேற்றிய படகின் நிழலில் ஒரு பெண் கால்விரலில் வலையை மாட்டி இழுத்துப் பிடித்து, கிழிந்த இடத்தை முடிந்துகொண்டிருந்தார். நாற்பது வயதிருக்கும். பெயர் லெட்சுமி. வந்த விஷயத்தைச் சொன்னோம்.

"வலையில சட்டையா? எந்த மீனு போடப்போவுது?"

"மீனுக்கு இல்லக்கா, சண்டைக்கு" என்றேன். கைபேசியில் படம் காட்டினேன். விரல்களால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"இரும்பு வளையமாட்டம் தெரியணும், அம்புட்டுத்தானே? இங்கிட்டு வாங்க."

பழைய வலைகள் குவியலாகக் கிடந்தன. நான் ஒன்றைத் தூக்கி அழகாக இருக்கிறது என்றேன். அவர் அதை வாங்கி என் தோளில் போட்டார். பிறகு தன் சுண்டுவிரலை அதன் கண்ணுக்குள் விட்டு ஒரு சுண்டு சுண்டினார். விரல் சிக்கிக்கொண்டது.

"ஓட்டத்துல ஒருத்தி வெரலு இப்பிடி மாட்டுச்சுன்னா? ஒடிஞ்சுரும்மா. எறா வலை எடுப்போம். கண்ணு பொடிசு. மூணு மடிப்பாப் போட்டா எறும்புகூட நொழையாது."

எனக்கு வெட்கமாகப் போயிற்று. ஈட்டி முனையைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்த நான், கவசத்திலும் ஆபத்து இருக்கும் என்று யோசிக்கவே இல்லை. கவிதா என்னைப் பார்க்காமல் கடலைப் பார்த்தாள்.

தூக்கிப்போட இருந்த இறால் வலைத் துண்டுகள் கிலோ முப்பது ரூபாய். நான் அளவெடுத்து வெட்ட, லெட்சுமி அக்கா வலை ஊசியால் தோளையும் பக்கங்களையும் முடிந்தார். ஒரு சட்டைக்கு இருபது நிமிடம்கூட ஆகவில்லை. எனக்கு இரண்டு மாதம்! அவருடைய கணவர் வந்து எட்டிப் பார்த்தார்.

"சம்பளத்துக்கா?" என்றார்.

"சண்டைக்கு" என்றார் அக்கா. கணவர் வந்த வழியே திரும்பிப் போய்விட்டார்.

கையோடு கொண்டு வந்திருந்த ரப்பர் பாலில் கறுப்புச் சாயம் கலந்து முதல் பூச்சு. கடற்காற்றில் அரை மணியில் காய்ந்தது. மேலே வெள்ளிப் பொடியை ஸ்பாஞ்சால் ஒற்றி எடுத்தேன். முடிச்சுகளின் தலையில் மட்டும் வெள்ளி ஏறி, பள்ளங்களில் கறுப்பு நின்றது. மூன்று மணி வெயிலில் ஐந்து கவசங்கள் படகின் விளிம்பில் தொங்கி மின்னின. நான் குதித்தேன். உண்மையாகவே குதித்தேன்.

ஞாயிறு காலை ஏழரைக்கு முந்திரித் தோப்பில் இருபத்திரண்டு பேர் கூடினோம். ஒரு ஏரி மடையைத் திறப்பதா மூடுவதா என்பதில் இரண்டு படைகள் மோதுவதுதான் அன்றைய கதை. ஆட்டத்துக்கு முன்பு நடுவர் அன்பரசு ஒவ்வொரு ஆயுதத்தையும் சோதித்தார். எங்கள் விதி எளிது. ஆயுதம் செய்தவரே, கவசம் அணிந்தவரை, எல்லார் முன்னாலும் அடிக்க வேண்டும்.

கவிதா கவசத்தோடு முன்னால் வந்து நின்றாள். புதிய ஈட்டியின் முனைக்கு நான்கு அங்குலம் முன்பே குழாயை நிறுத்தி, ரப்பர் மூடி போட்டு, தோல் துண்டு ஒட்டியிருந்தேன். சுவரில் இருநூறு முறை குத்திப் பார்த்தாயிற்று. ஆனாலும் கை வரவில்லை. வெயிலில் அந்தப் புருவத் தழும்புதான் கண்ணில் பட்டது.

"அடி" என்றாள்.

மெதுவாகத் தொட்டேன்.

"ஈ ஓட்டுறியா? நீ அடிக்காட்டி நான் எப்பிடி நம்பி வெளையாடுறது? அடிடி!"

இரண்டு கையாலும் ஓங்கி நெஞ்சில் குத்தினேன். முனை மெத்தென்று மடங்கி, வலையில் சிக்காமல் வழுக்கி விலகியது. கவிதா ஒரு அடி பின்னால் போனாள், குனிந்து பார்த்தாள், சிரித்தாள். ஈட்டியை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டாள்.

"இது எனக்கு. நீ வேற எடுத்துக்க."

அதற்குப் பிறகு மூன்று மணி நேரம் நான் கோவைக்காரி இல்லை, மடைக்காவல் படைத்தலைவி. முந்திரிச் சருகு காலடியில் நொறுங்க ஓடினோம், தாழ்ந்த கிளைகளுக்குக் கீழே தவழ்ந்தோம், கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போனது. கவிதா அந்த ஈட்டியோடு தனியாக மூன்று பேரைத் தடுத்து நின்றாள். யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் மடையை இழந்தோம். என் வலது கையில் வாள் பட்டு, விதிப்படி அந்தக் கை போய், இடது கையால் சண்டை போட்டு விழுந்தேன்.

மாலை நாலரைக்கு ஊர் திரும்பும் பஸ்ஸில் ஏறினேன். ஆலங்குடி தாண்டும்போது கைபேசி அடித்தது. லெட்சுமி அக்கா.

கோவையில் என் அடுக்குமாடியில் எல்லாருக்கும் நான் வாள் செய்வது தெரியும். பசை வாசனை வந்தால் கதவைத் தட்டுவார்கள். "இதெல்லாம் எதுக்கு?" என்று கேட்பார்கள். சொந்தக்காரர்களும் அதையேதான் கேட்பார்கள். பதில் சொல்லிச் சொல்லி, இப்போதெல்லாம் சிரித்து மழுப்பிவிடுகிறேன். அக்கா எடுத்த எடுப்பில் வேறொன்று கேட்டார்.

"யாரு ஜெயிச்சா?"

"நாங்க தோத்துட்டோங்கக்கா. எனக்குக் கையில அடி பட்டுருச்சு. வெளையாட்டு அடிதான்."

அலைச் சத்தத்துக்கு மேலே அக்காவின் குரல் வந்தது.

"சட்டைக்குக் கை வைக்காம விட்டோம்ல, அதான். ஒங்க கை அளவச் சொல்லுங்க, எழுதிக்கிறேன்."

ஓடும் பஸ்ஸில் எழுந்து நின்று, தோளிலிருந்து மணிக்கட்டு வரை சாண் போட்டு அளந்தேன்.