ஆளு இல்ல

சுப்ராயன் உப்பளத்தில் காவல்காரன். மரக்காணத்துக்குத் தெற்கே, பாத்திகளுக்கு நடுவில் ஒரு கீற்றுக் கொட்டகை, அதில் அவன் ஒருத்தன். உப்பு வாரும் மாதங்களில் கூலி ஆட்கள் விடியலில் வந்து மதியத்தோடு போய்விடுவார்கள். மழை பிடித்துவிட்டால் அவர்களும் கிடையாது, கொக்கும் நாரையும்தான். நான் அந்த உப்பளத்து ஆபீஸில் குமாஸ்தா. ஞாயிற்றுக்கிழமை ஆனால் பேப்பரை மடித்து வைத்துக்கொண்டு சைக்கிளில் அவனைப் பார்க்கப் போவேன். எனக்கும் வேறு போக்கிடம் இல்லை. அப்போது யாராவது அப்படிச் சொல்லியிருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன்.

அவன் மனைவி அருக்காணி கல்யாணமான இரண்டாம் வருஷம் கீழ்புத்துப்பட்டில் இருந்த அண்ணன் வீட்டுக்குப் போனவள், திரும்பவில்லை. என்ன சண்டை என்று கேட்டால், “சண்டையே இல்ல சார். இந்த உப்புத் தண்ணியில எவ இருப்பா?” என்பான். பொங்கலுக்குப் பொங்கல் அவளுக்கு ஒரு கார்டு எழுதித் தரச் சொல்வான். ‘வந்தால் நல்லது’, அவ்வளவுதான் விஷயம். எழுதி முடித்து விலாசம் கேட்டால், “வேணாம் சார், அவ வரமாட்டா” என்று கார்டைக் கூரையில் செருகிவிடுவான். ஒன்பது வருஷத்தில் தபாலில் போனது இரண்டோ மூன்றோ.

எழுபத்து மூன்றாம் வருஷம் இடையஞ்சாவடிப் பக்கம் தங்கியிருந்த வெள்ளைக்காரர் ஒருவர் பறவை பார்க்க வந்து இவனுக்குச் சிநேகமானார். இவனைவிட வயதில் சின்னவர். அவரிடம் ஒரு வில் இருந்தது. குறி பார்க்க முள்ளோ வளையமோ எதுவும் இல்லாத வெறும் வில். கோணிச் சாக்கில் வைக்கோலை அடைத்து உப்பளத்தின் மண் கரைக்கு முன்னால் நிறுத்தி, இரண்டு பேரும் மாற்றி மாற்றி எய்வார்கள். தவறினாலும் அம்பைக் கரை பிடித்துக்கொள்ளும்.

ஊருக்குத் திரும்பும்போது வில்லை இவனுக்கே கொடுத்துவிட்டு, சில விதிகளையும் விட்டுப் போனார். தமிழில் அட்டையில் எழுதிக் கொட்டகைச் சுவரில் மாட்டியது நான்தான். அம்பு இல்லாமல் நாணை இழுத்து விடக் கூடாது. நாணை இழுத்த கை எப்போதும் ஒரே இடத்தில் வந்து நிற்க வேண்டும், ஆள்காட்டி விரல் கடைவாயைத் தொட வேண்டும். கை அரை விரற்கடை இறங்கினால் அம்பு குறிக்கு மேலே போய்விடும். எல்லாவற்றுக்கும் முதலாக, ‘ஆள் இருக்கிறதா’ என்று உரக்கக் கேட்டு, பக்கத்தில் இருப்பவர் நாலாபுறமும் பார்த்து ‘இல்லை’ என்று சொன்ன பிறகுதான் அம்பையே தொட வேண்டும்.

பக்கத்தில் இருப்பவருக்கு எங்கே போவது? சுப்ராயன் கேட்டுவிட்டு, கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, “ஆளு இல்ல” என்று தானே பதிலும் சொல்லிக்கொண்டான். போகப்போக நிற்பதும் பார்ப்பதும் போய்விட்டது. நாணை இழுத்துக்கொண்டே கேள்வியையும் பதிலையும் ஒரே மூச்சில் முடித்துவிடுவான். “நீங்களாவது பதில் சொல்லக் கூடாதா சார்?” என்று ஒருநாள் கேட்டான். “ஏம்பா, காலி உப்பளத்தில என்னையும் கத்தச் சொல்றியா?” என்று நான் எரிந்து விழுந்தேன்.

பங்குனியில் ஒரு ஞாயிறு, கூலி ஆட்கள் போன பிறகு. நான் பேப்பருக்குள் இருந்தேன். அவன் நாணை இழுத்தான்.

“ஆளு இருக்குதா? இல்ல.”

வாய் திறந்ததில் தாடை இறங்கியது, கடைவாயில் நின்ற விரலும் கூடவே இறங்கியது. அம்பு கோணிக்கு மேலே, கரைக்கும் மேலே போயிற்று. அந்தப் பக்கம் “ஐயோ” என்று ஒரு பெண் குரல். நாங்கள் ஓடுவதற்குள் அவளே கரைமேல் ஏறி வந்தாள். ஒரு கையில் மஞ்சள் பை, மறு கையில் அம்பு. அடி ஏதும் படவில்லை.

சுப்ராயன் நின்ற இடத்திலேயே நின்றான். “அருக்காணி” என்றான்.

“ஆளு இருக்குதான்னு கேட்டது காதுல விழுந்துது. இருக்கேன்னு சொல்ல வாயத் தொறந்தேன். அதுக்குள்ள நீங்களே இல்லன்னுட்டீங்க.”

“பாக்கல.”

“நான் போன அன்னிக்கும் இப்படித்தான். இங்க எங்கூட இருப்பியான்னு கேட்டீங்க. நீ எங்க இருக்கப்போற, போன்னு நீங்களே சொல்லிட்டீங்க. நான் என்ன சொல்ல இருந்தேன்னு ஒரு தபா கேட்டீங்களா?”

“என்ன சொல்ல இருந்த?”

“இருக்கேன்னுதான்.”

அவள் அம்பைக் கொட்டகை ஓரமாக வைத்தாள். அவன், “இப்ப?” என்று கேட்டான். கேட்டுவிட்டு வாயை இறுக மூடிக்கொண்டான். பழக்கதோஷத்தில் பதில் வெளியே வந்துவிடுமோ என்று பயந்தவன் மாதிரி இருந்தது.

“இப்ப முடியாதுங்க. அண்ணி படுத்த படுக்கையா இருக்குது. அண்ணன் பொண்ணுக்கு வர்ற வெள்ளிக்கிழம கல்யாணம். தாய் எடத்துல நான்தான் நிக்கணும். அப்புறமும் அந்த வீடு என்னை நம்பித்தான் இருக்குது.” பையிலிருந்து மஞ்சள் தடவிய பத்திரிகையை எடுத்துக் கொடுத்தாள். “வந்துட்டுப் போங்க.”

தண்ணீர்கூடக் குடிக்காமல் பஸ்ஸுக்குப் போய்விட்டாள். அவன் கல்யாணத்துக்குப் போனான், பந்தியில் சாப்பிட்டான், அன்று சாயங்காலமே கொட்டகைக்குத் திரும்பினான்.

அடுத்த ஞாயிறு வில்லை எடுத்தான். அம்பைத் தொடவில்லை. “ஆளு இருக்குதா?” என்று கேட்டுவிட்டுக் காத்திருந்தான். காற்றுச் சத்தம்தான். நான் பேப்பரைக் கீழே வைத்துவிட்டுக் கரையின் இரு பக்கமும் எட்டிய மட்டும் பார்த்தேன். ஒரு குருவி இல்லை. விதிப்படி நான் ‘இல்ல’ என்று சொல்ல வேண்டும். அந்த வார்த்தையை அவனிடம் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

“இருக்கேன்” என்றேன்.

அவன் திரும்பி என்னைப் பார்த்தான். ஆள் இருந்தால் எய்யக் கூடாது. வில்லைச் சுவரில் சாய்த்துவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான்.