என் கையால் ஒரு வாய்

எங்கள் வீட்டில் சமையல் என் கணவருடைய பொறுப்பு. அணுசக்தி நகர் ஸ்டாஃப் பஸ்ஸைப் பிடிக்க வேண்டிய மனிதர், விடிந்ததும் குக்கரை ஏற்றி, டப்பா கட்டி, மகளை எழுப்பிவிட்டு, பிறகுதான் குளிக்கப் போவார். மும்பைச் செம்பூரில் எங்கள் கட்டிடத்துப் பெண்கள் என்னைக் கொடுத்து வைத்தவள் என்பார்கள். தாராவியில் என் பிறந்த வீட்டில் அப்படிச் சொல்ல மாட்டார்கள். அங்கே என் அண்ணன் மனைவி, அதாவது என் மதினி, நாலு பேர் இருக்கும்போதுதான் என்னை வாருவாள். நான் கரண்டியைப் பிடித்தால் கை கொப்பளித்துவிடுமாம்.

நானும் சேர்ந்து சிரித்துவிடுவேன். சோம்பேறி என்ற பெயர் எனக்கு வசதியாகத்தான் இருந்தது. உண்மையைச் சொன்னால் அதற்குப் பிறகு யாரும் என் கையால் பச்சைத் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்க மாட்டார்கள் என்று பயந்தேன்.

உண்மை இதுதான். மகள் பிறந்த புதிதில் ஒரு நாள் அவளுக்குப் பால் கலக்கிக்கொண்டிருந்தேன். இதில் நான் விஷத்தைக் கலந்துவிட்டால் என்ன ஆகும் என்று ஒரு எண்ணம் வந்தது. எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. பாலைக் கொட்டிவிட்டு மறுபடி கலக்கினேன். அதிலும் சந்தேகம் வந்தது, அதையும் கொட்டினேன். பிள்ளை பசியில் வீறிட்டது. பினாயில், எலி மருந்து, கரப்பான் மருந்து என்று இருந்த அத்தனையையும் வீட்டை விட்டே துரத்தினேன். எண்ணம் மட்டும் போகவில்லை. பெற்ற பிள்ளையைக் கொல்ல நினைக்கிற பிசாசு நான் என்று எனக்கு நானே தீர்ப்பு எழுதிக்கொண்டேன்.

கணவர் ஒன்றும் கேட்கவில்லை. என் கையிலிருந்து பால்புட்டியை வாங்கிக்கொண்டார். அதன் பின்னால் கரண்டியும் குக்கரும் தோசைக்கல்லும் அவர் கைக்குப் போய்விட்டன. அவர் வைக்கிற ரசத்தில் புளி இருக்கும், மிளகு இருக்கும், ரசம்தான் இருக்காது. ஆனாலும் அந்த மனிதரை எனக்குக் கட்டிவைத்தவர்களை நினைத்துக் கும்பிடாத நாள் கிடையாது.

இது ஒரு நோய், இதற்கு ஓசிடி என்று பெயர் என்பது எனக்குத் தெரிய வந்தபோது மகள் பள்ளிக்கூடத்தையே முடிக்க இருந்தாள். செம்பூரில் ஒரு பெண் டாக்டர் பொறுமையாகச் சொன்னார். எதை நினைத்தால் நமக்கு உயிரே நடுங்குமோ அதைத்தான் இந்த நோய் காட்டிக் காட்டி மிரட்டுமாம். மிரண்டுபோய் நாம் கொட்டுவதும் கழுவுவதும் திரும்பத் திரும்பப் பார்ப்பதும்தான் அதற்குத் தீனியாம். "கொல்ல நினைக்கிறவ பாலைக் கொட்ட மாட்டாம்மா" என்றார். நான் அவர் மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதேன். வெளியே வரிசையில் உட்கார்ந்திருந்தவர்களுக்கெல்லாம் கேட்டிருக்கும். கேட்கட்டும்.

மாத்திரையோடு ஒரு கூட்டத்துக்கும் என்னை அனுப்பினார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், ஒரு டியூஷன் வகுப்பின் மாடியில், தமிழ் பேசுகிற ஓசிடிக்காரர்கள் மட்டும் கூடுவார்கள். முதல் நாள் வாசலிலேயே திரும்பிவிடப் பார்த்தேன். உள்ளே ஒருவர், பூட்டின கதவைப் பார்க்கப் போய் தினமும் லோக்கல் ரயிலை விட்ட கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். மாட்டுங்காக்காரர், ஆபீஸில் ரிட்டையரானவர். நாங்கள் எல்லோரும் அவரை மாமா என்போம். மாட்டுங்கா ஸ்டேஷன் வரை போவார், பூட்டினோமா என்று தோன்றும், திரும்புவார். அவர் சாமியைத்தான் மறுபடி கும்பிட்டுவிட்டுப் போகிறார் என்று நினைத்து, அக்கம்பக்கத்தார் அவரிடம் வந்து நல்ல நாள் பார்த்துக் கொடுக்கச் சொல்லிக் கேட்பார்களாம். நான் வாசலில் நின்றபடியே சிரித்துவிட்டேன். அப்புறம் எப்படித் திரும்பிப் போவது?

இன்னொருவர் குர்லாவில் லேத் பட்டறை வைத்திருக்கிற அண்ணாச்சி. எங்கள் திருநெல்வேலிப் பக்கம்தான். எண்ணெயிலும் இரும்புத்தூளிலும் புரள்கிற தொழில், ஆனால் அழுக்கு ஒட்டிவிட்டது என்ற பயம். கை தோல் உரியும் வரை கழுவுவார். பட்டறைக்கு வருகிறவர்கள் என்ன சுத்தம், என்ன சுத்தம் என்று பாராட்டும்போதெல்லாம் அழுகையை அடக்கிக்கொண்டு நின்றதாகச் சொன்னார். நான் என் கதையைச் சொல்லப் பல வாரம் ஆயிற்று. சொல்லி முடித்ததும் அண்ணாச்சி எழுந்து, தனக்கு ஒரு டீ ஊற்றித் தரும்படி என்னிடம் சொன்னார். ஊற்றிக் கொடுத்தேன். மூன்று மடக்கில் குடித்துவிட்டு, சர்க்கரை போதாது என்று சொல்லாமல் சொல்லும் முகத்தோடு கப்பைக் கவிழ்த்தார். அந்த மனிதருக்கு நான் ஏழு பிறப்பும் தங்கச்சியாக இருக்கத் தயார்.

கூட்டத்தில் ஒரு சட்டம் உண்டு. சந்தேகம் வந்தால் யாரிடமும் கேட்டு உறுதி செய்துகொள்ளக் கூடாது. கேஸை அணைத்தேனா, கை சுத்தமா என்று யாராவது வாய் தவறிக் கேட்டுவிட்டால், மற்றவர்கள் "இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்" என்று சேர்ந்து சொல்வோம். கேட்கும்போதெல்லாம் எரிச்சலாக வரும். ஆனால் அந்த எரிச்சலோடு வேலையைப் பார்க்கப் பழகியதுதான் எங்களுக்கு மருந்து.

அப்படிப் பழகிப் பழகி, என் சமையலை நானே சாப்பிட்டேன். பிறகு கணவர் சாப்பிட்டார். மகளுக்கு மட்டும் என்னால் ஒரு வாய் போட முடியவில்லை. பத்தொன்பது வயதுப் பெண், தன் அம்மா சமைத்து ஒரு கவளம் தின்றதில்லை. காலேஜில் சேர்ந்த வருடம் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மொபைலைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள். கடைசியில், "உனக்கு எனக்காக செய்யப் பிடிக்கலைன்னு நினைச்சேம்மா" என்றாள். அவ்வளவு காலமும் அதை மனதுக்குள் வைத்துக்கொண்டு அப்பாவின் ரசத்தைக் குடித்திருக்கிறாள்.

பொங்கலுக்கு தாராவியில் வீட்டுக்குள் யாரும் பொங்குவதில்லை. வீட்டுக்குள் இடமும் கிடையாது. தெருவில் வரிசையாகச் செங்கல் வைத்து, ஆளுக்கொரு பானை ஏற்றுவார்கள். நம் கூட்டத்துக்கும் ஒரு பானை வைத்தால் என்ன என்று மாமாதான் ஆரம்பித்தார். பொங்கியதைத் தெருவில் கொடுத்துவிட்டு, உட்கார்ந்து நம் கதையைச் சொன்னால், நம்மைப் போல் ஒளித்து வைத்திருக்கிற ஒருவராவது வாயைத் திறக்கமாட்டாரா என்றார். டாக்டர் ஒரு நிபந்தனை போட்டார். ஆளுக்கு எது பயமோ அந்த வேலை. தெருச் செங்கல்லை அடுக்கி, கையைக் கழுவாமல் தட்டிவிட்டு மட்டும் அரிசி களைவது அண்ணாச்சி. பூட்டைப் போலவே அடுப்பையும் அணைத்தோமா என்று திரும்பத் திரும்பப் பார்க்கிற மாமாவுக்கு அடுப்பு. கிண்டுவதும் வெல்லம் போடுவதும் பரிமாறுவதும் எனக்கு. என் அண்ணன் வீட்டு வாசல் என்று முடிவாயிற்று. மகள், தானும் வருவதாகச் சொன்னாள். எதற்கு வருகிறாள் என்று எனக்குத் தெரியும்.

அன்று காலை தெரு முழுக்கப் புகை. மதினி, பக்கத்துப் பானையிலிருந்து எங்களை ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டே இருந்தாள். மாட்டுங்கா மாமா வேட்டியை மடித்துக் கட்டி அடுப்பு ஊதுவதும், அண்ணாச்சி கையைக் கழுவாமல் இருப்பதற்காக அதைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பதும் அவளுக்கு வேடிக்கையாக இருந்திருக்கும். பால் பொங்கியது. குலவை போட்டார்கள். அரிசியும் பருப்பும் குழைந்ததும் வெல்லத்தைப் போட்டேன். போட்ட கணமே, போட்டது வெல்லம்தானா என்று ஆரம்பித்துவிட்டது. கேட்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு கிண்டிவிட்டு, தொன்னை எடுக்க வீட்டுக்குள் போனேன்.

வெல்லம் வாங்குவது யார் என்று பேசி வைத்திருந்தும், மற்றவர் மறந்திருந்தால் என்ன செய்வது என்று மூன்று பேருமே ஆளுக்கொரு பொட்டலம் வாங்கி வந்திருந்தோம். இது எனக்கு அப்போது தெரியாது. நான் உள்ளே போனதும் மாமா பானையைப் பார்த்து, வெல்லம் போட்டாயிற்றா என்று சந்தேகப்பட்டிருக்கிறார். இங்கே கிடைக்கிற வெல்லம் மஞ்சள், பாசிப்பருப்பும் மஞ்சள். வேறு யாராக இருந்தாலும் பாகு வாசனையிலேயே கண்டுபிடித்திருப்பார்கள். கண்ணையும் மூக்கையும் நம்புகிற ஆட்களாக இருந்தால் நாங்கள் ஏன் டியூஷன் மாடிக்குப் போகிறோம்? கேட்கக் கூடாது. சூரியனுக்குப் படைக்கும் முன் வாயில் வைத்துப் பார்க்கவும் கூடாது. மாமா தன் பொட்டலத்தைப் பிரித்துப் போட்டார். யாரையும் கேட்காமல் காரியத்தை முடித்துவிட்ட பெருமையோடு, விறகு எடுக்க நகர்ந்தார். அடுத்து அண்ணாச்சி வந்தார். அவருக்கும் அதே சந்தேகம், அதே பெருமை.

படையல் முடிந்தது. முதல் தொன்னையை வாசலுக்குரிய மதினிக்குக் கொடுத்தேன். வரிசையாக நின்ற தெருக்காரர்களுக்கும் கொடுத்தேன். கடைசியாக மகள் கையை நீட்டினாள், அவளுக்கும் வைத்தேன். வைத்துவிட்டேன் என்று நினைத்த நொடியில் மதினியின் முகத்தைப் பார்த்தேன். முகம் கோணி, கண்ணை இறுக்கி மூடியிருந்தாள். அவளுக்குப் பக்கத்தில் இருந்தவர் தொண்டையைப் பிடித்துக்கொண்டு தண்ணீர் கேட்டார்.

"ஏட்டி, என்னத்தப் போட்ட இதுல?" என்றாள் மதினி.

இத்தனை வருடமும் கனவிலும் விழிப்பிலும் நான் கேட்டுப் பயந்த கேள்வி அதே சொற்களில் வந்துவிட்டது. காதுக்குள் தெருச் சத்தமெல்லாம் அடங்கிவிட்டது. பொங்கலை உருட்டி எடுத்து வாய்க்குக் கொண்டுபோன மகளின் கையைப் பிடித்தேன்.

"சாப்பிடாத," என்றேன்.

"என்னம்மா போட்ட?"

"தெரியல. வெல்லம்னுதான் நெனச்சேன். எனக்குத் தெரியல."

அவள் என் முகத்தையே பார்த்தாள். என் விரல்களை ஒவ்வொன்றாக விலக்கிவிட்டு வாயில் போட்டுக்கொண்டாள். என்னைப் பார்த்துக்கொண்டே மென்றாள். அவள் முகமும் கோணியது. ஆனாலும் நிறுத்தவில்லை. விழுங்கினாள், அடுத்த வாய் எடுத்தாள். நான் தெருவிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அதற்குள் மாமாவும் ஒரு வாய் தின்று பார்த்திருக்கிறார். "ஒருவேளை நானும் வெல்லம் போட்டுட்டேனோ என்னமோ" என்று இழுத்தார். அண்ணாச்சி திடுக்கிட்டுத் திரும்பினார். "நீங்களுமா? நானும்லா போட்டேன்." காலிப் பொட்டலங்கள் அடுப்படியில் கிடந்தன. ஏன் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்ளவில்லை என்று தெருவே கேட்டது. அதற்குப் பதில் சொல்வதற்காக மாமா ஒரு செங்கல்லில் உட்கார்ந்து, எங்கள் சட்டத்திலிருந்து ஆரம்பித்தார். சிரித்துக்கொண்டே சுற்றி உட்கார்ந்தவர்கள், அண்ணாச்சி தன் கையை விரித்துக் காட்டியபோது சிரிப்பை நிறுத்தினார்கள். நானும் சொன்னேன், பால்புட்டியிலிருந்து. மதினி தொன்னையை மடியில் வைத்தபடி கடைசி வரை கேட்டாள்.

"இத அன்னைக்கே சொல்லியிருந்தேன்னா, நான் வந்து பொங்கிப் போட்டிருப்பேம்லா," என்றாள். பிறகு அந்தத் திகட்டுகிற பொங்கலை, தண்ணீர் குடித்துக் குடித்து முழுவதும் தின்று முடித்தாள். கலையும்போது மூன்றாவது வீட்டுப் பெண் ஒருத்தி மாமாவைத் தனியாகக் கூப்பிட்டு, ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் எங்கே என்று விசாரித்தாள்.

இதோடு எனக்கு எல்லாம் தீர்ந்துவிட்டது என்று எழுத ஆசைதான். மறுநாள் காலை கண் விழித்ததுமே அந்த எண்ணம் எனக்கு முன்னால் எழுந்து உட்கார்ந்திருந்தது. அதைக் கூடவே அழைத்துக்கொண்டு அடுக்களைக்குப் போனேன். கணவரை வெளியே உட்காரச் சொன்னேன். ரவையை வறுத்து உப்புமா கிண்டி, மூன்று தட்டில் வைத்தேன். பஸ்ஸுக்கு நேரமாகியும் அவர் எழுந்து போகாமல் மகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மகள் மொபைலைப் பார்த்துக்கொண்டே இரண்டு வாய் சாப்பிட்டாள். பிறகு தலையைத் தூக்காமல், "அம்மா, உப்பே இல்ல," என்றாள்.

என் சமையலை என் மகள் குறை சொன்னது அதுதான் முதல் தடவை. நான் உள்ளே போய் உப்பு ஜாடியை எடுத்து வந்து, அவள் தட்டின் ஓரத்தில் என் விரலால் கொஞ்சம் வைத்தேன். அவள் கலந்து சாப்பிட்டுவிட்டு காலேஜுக்குப் போனாள்.