சடையனின் ஒற்றைத் தும்மல்

கோட்டைக்குப்பத்துச் சடையனுக்குக் கடவுள் கையும் காலும் நன்றாகத்தான் கொடுத்திருந்தார். மூக்கைக் கொடுக்கும்போது மட்டும் எங்கேயோ பராக்குப் பார்த்துவிட்டார். சடையன் தும்மினால் ஒன்றுதான் தும்முவான். இரண்டாவது வரவே வராது.

இரட்டைத் தும்மல் நல்ல சகுனம். ஒற்றைத் தும்மல் என்றால் எடுத்த காரியத்தை அப்படியே போட்டுவிட்டு உட்கார வேண்டியதுதான். விடிகாலை ஈரக்காற்று பட்டதும் சடையனுக்கு மூக்கு அரிக்கும். படகைத் தண்ணீரில் இறக்குகிற நேரம் பார்த்து 'அச்' என்று ஒன்று வரும். ஆளாளுக்கு வலையைக் கீழே போட்டுவிட்டு அவனை முறைப்பார்கள். மூக்கைப் பிடித்துப் பார்த்தான், மூச்சை அடக்கிப் பார்த்தான். அப்படி அடக்கிய தும்மல் ஒருநாள் வேறு வழியாகச் சத்தத்தோடு வெளியேறியது. படகே விழுந்து விழுந்து சிரித்தது. சிரித்த கையோடு, "நீ கரையிலயே இருப்பா, உனக்குக் கோடி புண்ணியம்" என்று கும்பிட்டும் விட்டார்கள்.

வயிறு சும்மா இருக்குமா? பழவேற்காட்டு ஒல்லாந்தர் கோட்டையில் மிளகு மூட்டை தைக்கப் போனான். தும்மல்காரனுக்கு மிளகுக் கிடங்கு! ஆனால் அங்கே எல்லாருமே தும்மினார்கள். எது ஒற்றை, எது இரட்டை என்று யார் கண்டது? ஒருநாள் பார்வையிட வந்த வெள்ளைக்காரரின் முகத்திலேயே சடையன் தும்மிவிட்டான். அடி விழும் என்று குனிந்தான். அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு தம் பாஷையில் ஏதோ முணுமுணுத்துவிட்டுப் போனார். வாழ்த்தா வசவா என்று தெரியவில்லை. மகள் தெய்வநாயகிதான், "வாழ்த்துதான் நைனா" என்றாள்.

அவள் அப்படித்தான். குழந்தை தும்மினால் தாய் "நூறு" என்பாள், மறுபடி தும்மினால் "இருநூறு" என்பாள், அத்தனை வயது வாழட்டும் என்று. தெய்வநாயகி மழலை பேசும்போதே அதைப் பிடித்துக்கொண்டு, அப்பன் தும்மும்போதெல்லாம் "நூறு" என்பாள். அவன் தும்மலுக்கு முகம் சுளிக்காதவள் ஊரில் அவள் ஒருத்திதான். "இருநூறு" சொல்லத்தான் அவளுக்கு வாய்க்கவே இல்லை.

அவளுக்குச் சுண்ணாம்புக்குளத்திலிருந்து சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளையை அவளுக்கும் பிடித்திருந்தது. தாம்பூலம் மாற்றுகிற அன்று சடையனின் மனைவி மணியம்மாள் அடுப்படியில் மிளகைக்கூட ஒளித்து வைத்தாள்.

"தட்ட குடுக்கிற வரைக்கும் மூச்சு வுடாத. அப்பால நீ இன்னா வேணா பண்ணிக்கோ" என்றாள்.

மாப்பிள்ளையின் தகப்பன் தருமலிங்கம் கையை நீட்டினார். சடையன் தட்டை நீட்டினான். வெற்றிலை மேலேயே தும்மினான். ஒன்று.

வீடே இரண்டாவதுக்குக் காத்திருந்தது. தருமலிங்கம் நல்ல மனிதர், நீட்டிய கையை மடக்கவில்லை. "இன்னொண்ணு போடு சம்பந்தி" என்றார்.

சடையன் சூரியனை அண்ணாந்து பார்த்தான். கோழி இறகை மூக்கில் விட்டுக் குடைந்தான். ஒளித்து வைத்த மிளகை எடுத்துவந்து இடித்து முகர்ந்தான். கண்ணில் தண்ணீர்தான் வந்தது. வேண்டாதபோது வந்து தொலைக்கிற சனியன், வேண்டும்போது வருமா? சபை நடுவே மூக்கைக் குடைந்துகொண்டு நிற்பது அவமானம்தான். ஆனால் உள்ளே மகள் விசும்புவது கேட்டதே, அதுதான் அவனைக் கொன்றது.

"நான் இன்னா பண்ணுவேன் சம்பந்தி? இது என் பேச்ச கேக்கல" என்றான்.

தருமலிங்கம் கையை இழுத்துக்கொண்டார். "உம்மேல கோவம் இல்ல. ஆனா சகுனம் சகுனந்தானே" என்று எழுந்தார்.

வந்தவர்கள் படகில் ஏறினார்கள். சடையன் வீட்டெதிரே கரையில் நின்று கும்பிட்டான். கழியை ஊன்றிப் படகைத் தள்ளுகிற நேரம் ஏரிக்காற்று முகத்தில் அடித்தது.

'அச்!'

ஊன்றிய கழி அப்படியே நின்றது. தருமலிங்கத்தின் முகம் கறுத்துவிட்டது. "யோவ், போகவும் வுட மாட்டியா?" என்றார். சடையன் இரண்டு கையாலும் மூக்கைப் பொத்திக்கொண்டான். செத்துவிடலாம் போலிருந்தது.

அப்போது வீட்டு வாசலுக்கு ஓடிவந்த தெய்வநாயகி, மணப்பெண் வாயே திறக்கக்கூடாத இடத்தில், ஊருக்கே கேட்கும்படி கத்தினாள்.

"இருநூறு!"

ஒற்றை என்று கொண்டால் படகு போகக்கூடாது. இரட்டை என்று கொண்டால் சம்பந்தத்தை விடக்கூடாது. தருமலிங்கம் இரண்டையும் யோசித்துப் பார்த்துவிட்டு, வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் இறங்கினார்.

"தட்ட எடுத்தாரச் சொல்லுய்யா" என்றார்.

மூக்கிலும் கண்ணிலும் ஒழுகியதைத் துடைக்கக்கூடத் தோன்றாமல், சடையன் மகளையே பார்த்துக்கொண்டு நின்றான்.